இடம் தேடும் நெஞ்சம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மக்கள் ஒருவரையொருவர் புண்படுத்துவது ஏன் என்பது பற்றிச் சில கூற விழைகின்றேன். பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திய இரயில்வே எழுத்தன் யான். உளநூற் புலவன் அல்லேன். படித்தறிந்ததையே பகர்கின்றேன்.

வியன்னா நகர மருத்துவர் ஆல்பிரட் ஆட்லர் (1870–1937) இளமையில் எலும்பு நோயால் நடக்க இயலாது வருந்தியவர். ‘யான் குறைந்தவன்’ என்னும் உணர்வு எல்லார்க்கும் உண்டு, அதுவே முயற்சிக்குத் தூண்டுகோலும் ஆகும் என்றார் அவர். ஆனால், ‘எனக்கு இங்கு இடமில்லை’ என்னும் அச்சமும் உடன் சேர்ந்தால், மனிதன் தான் உயர்வதை விட்டுப் பிறரைத் தாழ்த்த முற்படுகின்றான். அவர் வழிவந்த ருடால்ப் டிரைகர்ஸ், இடம் கிடைக்காத பிள்ளை நான்கு தவறான வழிகளில் அதனைத் தேடும் என்றார்: பிறர் கவனத்தை ஈர்த்தல், அதிகாரம் செய்தல், பழிவாங்கல், இயலாதவனாய் ஒதுங்கல்.

இரயிலின் பொதுப்பெட்டியில் இதனைக் காணலாம். முண்டியடித்து ஏறியவரே, அமர இடம் கிடைத்ததும், அடுத்த நிலையத்தில் ஏறுவோரைத் தடுக்கின்றார். பெற்ற இடம் பறிபோகுமோ என்னும் அச்சமே அவரை அவ்வாறு பேச வைக்கின்றது.

நம் பெங்களூரும் இவ்வச்சத்தை அறியும். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை ஏறத்தாழ 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. நான்கு நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடப் பெருங்கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. எவர்க்கும் இடம் குறைந்துவிடவில்லை. எனினும், 2016-இல் காவிரிப் பூசலில் இந்நகரில் மீண்டும் பேருந்துகள் எரிந்தன. எரித்தவரைத் தண்டிப்பது சட்டத்தின் கடன். சிலைகளால் மட்டும் அச்சம் தீராது என்பதை உணர்வது நம் கடன்.

நம்மையும் நாம் நோக்க வேண்டும். தமிழின் தொன்மையைச் சொல்லிக் கன்னடத்தை இகழ்வது தாழ்வு மனப்பான்மையின் மறுமுகமே. கன்னடம் கலந்து தமிழ் பேசும் நம் பிள்ளைகளை, ஊரிலிருந்து வந்த உறவினர் முன்னே நகையாடுகின்றோம். தெருவில் அயலான், வீட்டில் அரைத்தமிழன் என்று கூசி நிற்கும் பிள்ளை, அக்கூச்சத்தை நாளை எவர்மேல் சினமாய்க் கொட்டுமோ?

இதற்கு மருந்து சமுதாய உணர்வு என்றார் ஆட்லர். பிறர்க்குப் பயன்படுபவன் தன் இடத்தை ஐயுறுவதில்லை. ஆதலின், தமிழ் வகுப்பின் அருகே கன்னட வகுப்பும் நடைபெறட்டும். பிழைபடப் பேசும் பிள்ளையையும் மேடையேற்றுவோம். நூல்களை அடுக்கவும் விருந்தினர்க்கு நீர் வழங்கவும் அதனிடம் பணி ஒப்படைப்போம். ‘இச்சங்கத்திற்கு நீ வேண்டும்’ என்று கேட்டு வளரும் பிள்ளை, பிறர்க்கும் நகர்ந்து இடம் தரும்.