துப்பாக்கிக் கடையின் பதினோராவது விதி

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு துப்பாக்கிக்குப் பலியானவர்கள் 48,204 பேர். அவர்களில் 27,032 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 19,651 பேர். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கு இது. ஆனால் அமெரிக்கத் துப்பாக்கி என்றதும் செய்தி பார்ப்பவர் மனதில் வந்து நிற்பது பள்ளிக்கூடம்தான். அதே ஆண்டு மே 24 அன்று டெக்சஸ் மாநிலம் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரத்தை எண்ணிக்கையால் அளக்க முடியாது. இருந்தாலும் விவாதம் முழுக்க அங்கேயே முகாமிட்டுவிட்டதால், பாதிக்கும் மேற்பட்ட சாவுகள் பேச்சுக்கே வருவதில்லை.

அரசியல் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012 டிசம்பரில் சேண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் இறந்த பிறகும், வாங்குபவரின் பின்னணியை விசாரிக்கும் முறையை விரிவாக்கும் திருத்தம் செனட்டில் 54 வாக்குகளோடு நின்றுபோனது, தேவைப்பட்டவை 60. யுவால்டிக்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. 21 வயது நிரம்பாதவர் வாங்கும்போது கூடுதல் விசாரணை என்பது அதன் ஓர் அம்சம்.

ஆராய்ச்சியின் கதை இன்னும் விசித்திரமானது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அங்கே கொலை நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 1993இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆர்கன்சாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி 1996இல் நிதி மசோதாவில் ஒரு வரியைச் சேர்த்தார்: துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பணம் செலவாகக் கூடாது. கூடவே 26 லட்சம் டாலரும் வெட்டப்பட்டது. துப்பாக்கி ஆய்வுக்கு முந்தைய ஆண்டு செலவான அதே தொகை! ஆராய்ச்சியைச் சட்டம் தடுக்கவில்லை. அதிகாரிகள் பயந்து ஒதுங்கினார்கள். அந்த மையத்தின் சார்பில் டிக்கியோடு மோதிய மார்க் ரோசன்பர்க் பின்னாளில் அவருக்கு நண்பரானார். ஆய்வு தேவை என்று 2012இல் இருவரும் சேர்ந்தே பத்திரிகையில் எழுதினார்கள். 2020 நிதியாண்டில்தான் இரண்டரைக் கோடி டாலர் வந்தது. அப்போது டிக்கி உயிரோடு இல்லை.

இதற்கிடையே ஒரு நல்ல காரியம் துப்பாக்கிக் கடையிலிருந்தே தொடங்கியது. இடம் நியூ ஹாம்ப்ஷயர், வேட்டைக்காரர்கள் நிறைந்த சிறு மாநிலம். 2009இல் ஒரு வாரத்துக்குள், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் உயிரை விட்டார்கள். எல்லாம் சட்டப்படி நடந்த விற்பனை. கடைக்காரரால் அதைச் சும்மா விட முடியவில்லை. பொதுச் சுகாதாரத் துறையினரும் துப்பாக்கி வியாபாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை என்பதே அந்த நாட்டில் அதிசயம்.

கல்லாவுக்குப் பின்னால் நிற்பவருக்கென்று ஒரு குறிப்புத்தாள் தயாரானது. வேட்டையிலோ குறிபார்த்துச் சுடுவதிலோ ஆர்வமே இல்லாதவர், எந்தத் துப்பாக்கியானாலும் சரி என்பவர், சுத்தம் செய்யும் முறையைச் சொன்னால் காதில் வாங்காதவர்: இப்படிப்பட்டவர் வந்தால் பேச்சுக் கொடுங்கள், சந்தேகம் தீராவிட்டால் விற்காதீர்கள். துப்பாக்கி வைத்திருப்போர் மனப்பாடமாகச் சொல்லும் பத்துப் பாதுகாப்பு விதிகள் உண்டு. அதோடு பதினோராவதாக ஒன்றையும் சேர்த்தார்கள்: வீட்டில் ஒருவர் மனமொடிந்து கிடந்தால், அவர் தேறும்வரை துப்பாக்கி வேறிடத்தில் இருக்கட்டும். மாநிலத்துக் கடைகளில் ஏறக்குறைய பாதி இந்தச் செய்தியைத் தாங்கிய தாள்களில் ஒன்றையாவது பார்வைக்கு வைத்தன.

சாகத் துணிந்தவர் வேறு வழி தேடமாட்டாரா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கியோ பெரும்பாலும் பிழைக்கவே விடுவதில்லை. இஸ்ரேல் ராணுவம் 2006இல், வார இறுதியில் வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுச் செல்லவேண்டும் என்றது; தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. துப்பாக்கியே சம்பந்தப்படாத இலங்கை இன்னும் பெரிய சாட்சி. 1995இல் அங்கே தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. விளைச்சலும் குறையவில்லை.

வாங்கிய துப்பாக்கி உடனே கைக்கு வராமல் சில நாள் பொறுக்க வைக்கும் காத்திருப்புக் காலமும் இதே எண்ணத்தில் வந்ததுதான். அதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அடிக்கும் கணவனுக்குப் பயந்து ஓடிவந்த பெண்ணுக்கு இன்றே தற்காப்பு வேண்டுமே என்கிறது மறுதரப்பு. அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மெய்ன் மாநிலத்தில் இரண்டு வாதங்களும் மோதின. 2023 அக்டோபரில் லூயிஸ்டன் நகரில் 18 பேர் கொல்லப்பட்டதும், வாங்கிய துப்பாக்கி கைக்கு வர 72 மணி நேரம் என்று சட்டம் செய்தார்கள். கொன்றவன் தன் துப்பாக்கியை வாங்கியது மூன்று மாதம் முன்பு! அந்தப் படுகொலையை 72 மணி நேரம் தடுத்திருக்காது. அது காப்பது கணக்கில் வராத மற்றவர்களை. ஆளுநர் ஜேனட் மில்ஸ் கையெழுத்திடாமலே சட்டமாக விட்டார். 2025 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதை நிறுத்தி வைத்தார். லூயிஸ்டன் கொலையாளியின் மனநிலை பற்றிக் குடும்பத்தார் முன்பே எச்சரித்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. 2025 நவம்பரில், ஆபத்து என்று கண்டால் குடும்பத்தாரே நேராக நீதிமன்றம் போய் ஆயுதத்தைத் தற்காலிகமாக எடுத்துவைக்கக் கோரலாம் என்ற சட்டத்தை, வேட்டைக்குப் பேர்போன அந்த மாநிலத்து மக்கள் வாக்களித்து நிறைவேற்றினார்கள்.