கைவினை ஆசிரியரின் இருக்கை



ஆடைக்குரிய இழையும் நூல். கற்கும் ஏடும் நூல். இப்பெயர்க் காரணத்தை நன்னூற் பாயிரம் விளக்குகிறது. சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு நூற்கும் கதிர். உவமையாக வருவது உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அவ்வாறாயின், இன்றைய கைவினைப் பயிலரங்குகளில் அப்பெண்ணின் இருக்கை எது?

மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்வோம். துணியில் புள்ளியிட்டு, அவ்விடத்தை நகநுனியால் கிள்ளி, நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சு அவிழ்ந்ததும் சாயம் ஏறாத இடம் புள்ளியாக மலரும். சௌராட்டிர மகளிர் தலைமுறைகளாகக் காத்த கலை இது. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. அச்சிட்ட புள்ளிகள் மலிந்தபின் முடிச்சிடும் கைகள் அருகின. ஆகவே பயிலரங்குகள் தேவையே. ஆனால் முடிச்சை எவ்வளவு இறுக்குவது என்பதைப் பாடக்குறிப்பு சொல்லாது. பழகிய விரலே சொல்லும். அவ்விரலுக்குரியவரை ‘உதவியாளர்’ என ஓரத்தில் அமர்த்திவிட்டு, பட்டம் பெற்ற நாம் விளக்கவுரை ஆற்றுகிறோம்.

பத்தாண்டு கண்ட நம் இலக்கிய வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். இனிப் பயிலரங்கு நடத்துங்கால், அழைப்பிதழில் அவரை ‘ஆசிரியர்’ என்றே அச்சிடுவோம். ஆசிரியருக்குரிய மதிப்பூதியமும் வழங்குவோம். கவிஞர்கள் அவர்முன் மாணவராய் அமர்ந்து, அவர் நாவில் வாழும் தொழிற்சொற்களைக் குறித்துக்கொள்ளட்டும். அச்சொற்கள் எந்த அகராதிக்கும் காத்திரா; அவரோடு போய்விடும்.

புலவனுக்கு உவமையான கைக்கு நாம் பட்ட கடன் இது.