சொல்லாத காதலும் சொன்ன கதைகளும்



காதலைப் பேச ஒரு ஜப்பானியப் படக்கதையை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: குமோதா ஹாருகோவின் ‘ஷோவா கென்ரோகு ரகுகோ ஷின்ஜு’. 2010 முதல் 2016 வரை ‘இட்டான்’ இதழில் தொடராக வந்த மங்கா, பத்துத் தொகுதிகள். குமோதா ஆண்களுக்கிடையிலான காதலை வரையும் ‘பாய்ஸ் லவ்’ மங்காவில் வளர்ந்தவர். அந்தப் பயிற்சி இல்லாத கை தொட்டிருந்தால் இது இரு கலைஞர்களின் போட்டிக் கதையாக மட்டுமே நின்றிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ரகுகோ என்பது ஒற்றை ஆள் திண்டில் மண்டியிட்டு அமர்ந்து சொல்லும் கதை. கையில் ஒரு விசிறி, ஒரு துண்டு. எழுந்து நிற்கக் கூடாது. கணவன், மனைவி, திருடன், எமன் எல்லாரும் ஒரே தொண்டையிலிருந்து வரவேண்டும். 1941இல், போர்க்காலத்துக்கு ஒவ்வாதவை என்று, கணிகையர் வீதியையும் கள்ள உறவையும் பேசிய 53 கதைகளைக் கலைஞர்களே விலக்கினார்கள். அசகுசாவின் ஹொன்போஜி கோயிலில் கல் நாட்டி அவற்றைப் புதைத்தார்கள். 1946இல் அவை மீண்டன. மறு ஆண்டே, அமெரிக்கப் படையின் ஆட்சியில், பழிவாங்கலும் போர்வெறியும் கொண்ட 27 கதைகள் அதே கல்லடிக்குப் போயின.

மங்காவின் நாயகர்களான கிகுஹிகோவும் சுகேரோகுவும் சிறுவயதில் ஒரே நாளில் ஒரே ரகுகோ குருவின் வீட்டுக்கு வந்தவர்கள். கிகுஹிகோ கெய்ஷா என்னும் ஆடல்பாடல் மகளிரின் இல்லத்தில் பிறந்து நடனம் பயின்றவன். கால் ஊனமானதும் இங்கே அனுப்பிவிட்டார்கள். சுகேரோகு திக்கற்றவன். வாய் திறந்தாலே அவை சிரிக்கும். போர்க்காலத்தில் சுகேரோகு குருவோடு மஞ்சூரியா போகிறான். கால் காரணமாகக் கிகுஹிகோ தங்கிவிடுகிறான். இது கற்பனை மட்டுமல்ல. ஐந்தாம் கொகொன்தேய் ஷின்ஷோ, ஆறாம் சன்யூதேய் என்ஷோ என்ற பெருங்கலைஞர்கள் 1945இல் அங்கே போய் 1947இல்தான் ஊர் திரும்பினார்கள்.

போருக்குப் பின் கதைமேடைகள் மறுபடி நிறைகின்றன. கிகுஹிகோவுக்கு இன்னும் தன் குரல் கிடைக்கவில்லை. நாடகமொன்றில் பெண்வேடமிட்ட திருடனாக நடிக்கும்போதுதான் அவையின் கண்கள் தன்மேல் பதிவதை உணர்கிறான். பிறகு அவனுக்குக் கைகொடுப்பது ‘ஷினகாவா ஷின்ஜு’, புதைத்த 53இல் ஒன்று. குமோதாவின் கலை இங்கே உச்சம் தொடுகிறது. ஒருவன் கதை சொல்ல மற்றவன் கேட்கும் முகத்தை அவர் வரைகிறார். பொறாமை, பசி, பெருமிதம் மூன்றும் அந்த முகத்தில் இருக்கின்றன. நான் அதைக் காதல் என்றே படிக்கிறேன்.

ஆண்களின் உறவைத் தண்டித்த சட்டம் ஜப்பானில் 1882லேயே விலகிவிட்டது. ஆகவே இவர்களைப் பிரிப்பது காவலர் அல்லர். ‘யாகுமோ’ என்ற குருவின் பட்டப்பெயர் யாருக்கு என்ற பரம்பரைக் கணக்கு. சுகேரோகு குருகுலத்திலிருந்து விலக்கப்பட்டு இளமையிலேயே சாகிறான். கிகுஹிகோ எட்டாம் யாகுமோ ஆகி, நண்பனின் மகளை வளர்க்கிறான்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கிகுஹிகோவை நேசித்து, சுகேரோகுவோடு வாழ்ந்த மியோகிச்சியிடம் கதை நெடுநேரம் கடுமையாகவே நடந்துகொள்கிறது. இருவருக்கிடையே அகப்பட்ட பெண்ணின் வலியை இறுதித் தொகுதியில்தான் குமோதா ஈடுகட்டுகிறார்: மறுமையில் அவளும் கோபமின்றிப் பேசுகிறாள். படிக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கங்களை அவள் பக்கம் நின்று படியுங்கள்.