மீலாத் விழா ஆகுமானதா?

றபீஉல் அவ்வல் மாதத்தின் தலைப்பிறை தென்பட்டதும் இலங்கையின் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஒளிவிளக்குகள் அழகு செய்கின்றன. அன்று தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் வரை ‘சுப்ஹான மௌலித்’ ஓதப்படுகின்றது. ஓதி முடிந்ததும் ‘நார்சா’ எனப் பெயர் பெற்ற உணவு கூடியிருப்போருக்கும் அயலாருக்கும் பகிரப்படுகின்றது. மீலாதுன் நபி தினம் நாடு முழுமைக்கும் பொது விடுமுறை நாளாகவும் விளங்குகின்றது. ஆயின், அதே ஊரிலுள்ள வேறொரு பள்ளிவாசல் இம்மாதத்தை ஏனைய மாதங்களைப் போலவே கழிப்பதும் உண்டு. அங்கே தொழுகின்றவர்களும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களை உயிரினும் மேலாகப் போற்றுபவர்களே. எனினும், பிறந்தநாள் விழா எடுப்பது மார்க்கம் கற்பிக்காத ஒன்று எனக் கருதி அவர்கள் விலகி நிற்கின்றனர்.

இக்கருத்து வேறுபாடு நூல்களின் அளவில் நின்றுவிடுமாயின் கேடொன்றும் இல்லை. அண்ணன் வீட்டு மௌலிதுக்குத் தம்பி செல்லாதிருப்பதும், அன்போடு கொடுத்தனுப்பிய உணவு தீண்டப்படாது திரும்பி வருவதும், “நபியை நேசிக்காதவன்” என்று ஒருவரும் “மார்க்கத்தைக் கெடுப்பவன்” என்று மற்றவரும் ஏசிக்கொள்வதும் நேரும்போதுதான் அது குடும்பத்தையும் ஊரையும் பிளக்கும் வாளாகிவிடுகின்றது. ஆகவே, மீலாத் விழா எவ்வாறு தோன்றியது, அதனை ஆகாது என்போரும் ஆகும் என்போரும் கூறும் நியாயங்கள் யாவை, இரு திறத்தாரும் ஒன்றுபடும் இடம் எது என்பனவற்றை அமைதியாக ஆராய்வது நேயர்களுக்குப் பயன் தருவதாகும்.

முதற்கண், ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள் சில உள. நபிபெருமானார் யானை ஆண்டு எனப்படும் ஆண்டில், ஏறத்தாழ கி.பி. 570இல், மக்கா நகரில் பிறந்தார்கள். பிறந்த கிழமை திங்கள் என்பதில் ஸுன்னி அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. திங்கட்கிழமை நோன்பைப் பற்றி அவர்களிடம் வினவப்பட்டபோது, தாம் பிறந்ததும் தமக்கு இறையருள் வாக்கு இறங்கியதும் அந்நாளிலேயே என்று விடையளித்ததாக ‘ஸஹீஹ் முஸ்லிம்’ நூலில் பதிவாகியுள்ளது. ஆயின், மாதத்தின் எத்தனையாவது நாள் என்பதில் அறிஞர் ஒருமித்த கருத்துடையரல்லர். பன்னிரண்டாம் நாள் என்பதே பரவலாக வழங்கும் கருத்து. எட்டு என்றும் ஒன்பது என்றும் கொண்டோர் உண்டு. ஷீஆப் பிரிவினர் பதினேழு என்பர். நபிபெருமானார் வாழ்ந்த காலத்திலோ, அவர்களுக்குப் பின் வந்த நேர்வழி நின்ற கலீபாக்கள் நால்வரின் காலத்திலோ, பிறந்தநாளுக்கென விழா எடுக்கப்பட்டதில்லை என்பதும் இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் உண்மையாகும்.

அங்ஙனமாயின், இவ்விழா எப்போது தோன்றிற்று? எகிப்தை ஆண்ட பாத்திமியக் கலீபாக்களின் அரசவையில் நபிபெருமானாரின் பிறந்தநாளும், அலி, பாத்திமா ஆகியோரின் பிறந்தநாள்களும், ஆளும் கலீபாவின் பிறந்தநாளுங்கூட அரசு முறையில் கொண்டாடப்பட்டன. இனிப்புப் பண்டங்கள் அதிகாரிகளுக்கு வழங்கப்பட்டன. அவ்வரசின் அமைச்சராயிருந்த அல் அப்ளல் இவ்விழாக்களை நிறுத்தினார். அவருக்குப் பின்னர் அவை மீண்டும் உயிர்பெற்றன. எனினும், அவை அரண்மனைச் சடங்குகளேயன்றி மக்கள் விழாவாக மலர்ந்தவையல்ல.

மக்கள் பெருந்திரளாகக் கூடிய மீலாத் விழாவுக்குப் புகழ்பெற்ற இடம் ஈராக்கின் வடபால் உள்ள இர்பில் நகரமாகும். அதனை ஆண்ட முளப்பருத்தீன் கோக்புரி என்பவர் மாவீரர் ஸலாஹுத்தீனின் சகோதரியை மணந்தவர். அந்நகரிலேயே 1211இல் பிறந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான், அவ்விழாவைத் தமது நூலில் விரித்துரைக்கின்றார். பக்தாத்திலிருந்தும் மோஸுலிலிருந்தும் அறிஞரும் துறவியரும் ஓதுவாரும் மாதக் கணக்கில் முன்னதாகவே வந்து சேருவர். மரத்தாலான மண்டபங்கள் வரிசை வரிசையாக எழும். ஒட்டகங்களும் மாடுகளும் ஆடுகளும் முரசொலியுடன் திடலுக்கு ஓட்டிவரப்பட்டு, அறுத்துச் சமைக்கப்பட்டு, மக்களுக்கு உணவாகும். விழாவின் இரவில் மெழுகுதிரிகள் ஏந்திய ஊர்வலம் கோட்டையினின்றும் இறங்கி வரும். பிறந்த தேதியில் அறிஞரிடையே வேறுபாடு இருந்தமையால், மன்னர் ஓராண்டு எட்டாம் நாளிலும் மறு ஆண்டு பன்னிரண்டாம் நாளிலும் விழா எடுத்தார் என்னும் செய்தி குறிப்பிடத்தக்கது. ஹிஜ்ரி 604இல், அஃதாவது கி.பி. 1207ஆம் ஆண்டளவில், அவ்வழியே வந்த அந்தலூசிய அறிஞர் இப்னு திஹ்யா, நபிபெருமானாரின் பிறப்பைப் பற்றி நூலொன்று இயற்றி மன்னரிடம் வழங்கி, ஆயிரம் தீனார் பரிசு பெற்றார். அம்மன்னர் விழாவோடு அமைந்துவிட்டவரல்லர். பார்வையிழந்தோருக்கும் விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் இல்லங்கள் அமைத்துப் பேணியவர் என்றும் அதே வரலாற்றாசிரியர் எழுதுகின்றார்.

விழா பரவியதும் வினாவும் எழுந்தது. எதிர்த்தோரின் நியாயத்தை முதலில் கேட்பது முறையாகும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மாலிக்கி மத்ஹபு அறிஞர் தாஜுத்தீன் அல் பாக்கிஹானி, இவ்விழாவுக்குத் திருக்குர்ஆனிலோ நபிவழியிலோ ஆதாரம் காணப்படவில்லை என்று எழுதினார். நபிபெருமானார் பிறந்த அதே மாதத்திலேயே அவர்கள் இவ்வுலகைத் துறந்தார்கள். அவ்வாறிருக்கத் துயரத்தை விட்டு மகிழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு பொருந்தும் என்றும் அவர் வினவினார். அதே காலத்தவரான இப்னு தைமிய்யா எடுத்துக்காட்டிய நியாயம் இன்னும் ஆழமானது. நபித்தோழர்கள் நம்மைவிட நபியை மிகுதியாக நேசித்தவர்கள்; நன்மை செய்வதில் நம்மைவிட முந்தியவர்கள்; விழா எடுப்பதற்குத் தடை ஏதும் அவர்களுக்கு இருக்கவில்லை; இருந்தும் அவர்கள் எடுத்தாரில்லை. ஆகவே, நேசத்தின் நிறைவு நபியைப் பின்பற்றுவதிலேயே உளது என்பது அவர் முடிபு.

இந்நியாயத்தின் அடியில் நிற்பது ‘பித்அத்’ எனும் கோட்பாடு. மார்க்கத்தில் அதற்குரியதல்லாத ஒன்றைப் புதிதாகப் புகுத்தினால் அது தள்ளப்படும் என்பது நபிமொழி. வணக்கம் என்பது மனிதர் தம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் கூடியதன்று. இன்று நல்லெண்ணத்தோடு ஒன்றைக் கூட்டுவோர், நாளை அதனைக் கடமையாகக் கருதுவர்; மறுநாள் அதனைச் செய்யாதவரைப் பழிப்பர். முந்தைய சமயங்கள் இவ்வாறே உருமாறின என்னும் அச்சம் இவ்வறிஞர்களின் உள்ளத்தில் இருந்தது. அவ்வச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது.

இனி, ஆகும் என்போரின் நியாயத்தை நோக்குவோம். எகிப்திய அறிஞரான இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி, 1445 முதல் 1505 வரை வாழ்ந்தவர். ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தவர். அவர் இவ்வினாவுக்கென்றே தனிநூல் ஒன்று எழுதினார். மக்கள் கூடித் திருக்குர்ஆன் ஓதி, நபிபெருமானாரின் பிறப்பு வரலாற்றைக் கேட்டு, உணவு பகிர்ந்து, அதற்கு மேல் ஒன்றும் செய்யாது கலைந்து செல்வார்களாயின் அது நற்புதுமை என்றும், நற்கூலிக்குரியது என்றும் அவர் தீர்ப்பளித்தார். பாக்கிஹானியின் வினாவுக்கு அவர் தந்த விடை நுட்பமானது. குழந்தை பிறந்தால் அகீக்கா எனும் அறுப்புக் கொடுத்து மகிழுமாறு மார்க்கம் பணிக்கின்றது. இறப்புக்கு அவ்வாறு ஏதும் பணிக்கவில்லை. மாறாக, ஒப்பாரியைத் தடுக்கின்றது. எனவே, அம்மாதத்தில் பிறப்பை எண்ணி மகிழ்வதே மார்க்கத்தின் போக்குக்கு இசைந்தது என்றார் அவர்.

அவருக்கு முன்னரே ஹதீஸ் கலையின் பேரறிஞர் இப்னு ஹஜர் அஸ்கலானி வேறோர் ஆதாரத்தைக் காட்டியிருந்தார். நபிபெருமானார் மதீனாவுக்கு வந்தபோது, மூஸா நபி காப்பாற்றப்பட்ட நாளுக்கு நன்றியாக யூதர்கள் ஆஷூரா நோன்பு நோற்பதைக் கண்டு, தாமும் நோற்றுப் பிறரையும் நோற்கச் செய்தார்கள். இறைவன் அருள் புரிந்த ஒரு நாள் ஆண்டுதோறும் மீண்டு வரும்போது நன்றி செலுத்துவதற்கு இதில் அடிப்படை உண்டு என்பது அவர் கருத்து. நபியின் வருகையைவிடப் பெரிய அருள் வேறு யாது என்று அவர் வினவுகின்றார்.

புதுமை எல்லாம் தீமையல்ல என்பதற்கும் அவர்கள் சான்று காட்டுவர். யமாமாப் போரில் திருக்குர்ஆனை மனனம் செய்தோர் பலர் வீழ்ந்தபோது, அதனைத் தொகுக்குமாறு உமர் வேண்டினார். நபி செய்யாத ஒன்றைத் தாம் எவ்வாறு செய்வது என்று முதலில் தயங்கிய அபூபக்கர், பின்னர் அதன் நன்மையை உணர்ந்து இசைந்தார். சிதறித் தொழுதோரைத் தறாவீஹ் தொழுகையில் ஓர் இமாமின் பின்னே ஒன்றுசேர்த்தவரும் உமரே. இவற்றுக்கு மறுசாராரும் விடை கூறாதிருக்கவில்லை. குர்ஆன் தொகுப்பு தேவையால் நேர்ந்தது. கூட்டுத் தறாவீஹை நபிபெருமானாரே சில இரவுகள் நடத்திக் காட்டியிருந்தார்கள். ஆகவே, அவை மீலாதுக்கு ஒப்பாகா என்பர். இவ்வாறு வினாவும் விடையுமாக வழக்கு நூற்றாண்டுகள் பலவாகத் தொடர்கின்றது. இன்றும் எகிப்தின் அரசு மார்க்கத் தீர்ப்பு மன்றம் விழா ஆகும் என்கின்றது. சவூதி அரேபியாவின் தலைமை முப்தியாயிருந்த ஷைக் இப்னு பாஸ் ஆகாது என்று தீர்ப்பளித்தார்.

ஆயினும், இரு திறத்தாரின் நூல்களையும் அருகருகே வைத்து நோக்குவோர் ஓருண்மையைக் காண்பர். விழாவில் நுழையும் தீமைகளைக் கண்டிப்பதில் அவர்கள் ஒருவரே. மாலிக்கி அறிஞர் இப்னுல் ஹாஜ், விழாவின் பெயரால் நிகழ்ந்த ஆடல் பாடல்களையும் ஒழுங்கீனங்களையும் கடிந்தெழுதினார். அதே வேளையில், அம்மாதத்தின் மாண்பைப் போற்றி அதில் நற்செயல்களைப் பெருக்குமாறும் கூறினார். ஆகும் என்ற ஸுயூத்தியும் தகாத செயல்களுக்கு இடங்கொடுத்தவரல்லர். வீண் விரயம், தொழுகையைக் கைவிட்டு விழாவில் திளைத்தல், நபியை இறைத்தன்மைக்கு உயர்த்திப் புகழ்தல், ஏழையைப் புறந்தள்ளிய பகட்டு ஆகிய இவற்றை எவரும் ஆகும் என்று கூறியதில்லை.

கருத்தில் வேறுபட்டவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு மதித்தனர் என்பதும் அறியத்தக்கது. விழாவை மறுத்த இப்னு தைமிய்யா, நபியின் மீதுள்ள அன்பினால் அதனைச் செய்வோருக்கு அவ்வன்பின் பொருட்டும் முயற்சியின் பொருட்டும் இறைவன் நற்கூலி வழங்கக்கூடும் என்று எழுதினார். செயலை மறுத்தாரேயன்றி, செய்வாரின் உள்ளத்தை அவர் இழித்துரைக்கவில்லை. இந்தியாவில் பிறந்து மக்காவில் குடியேறி 1899இல் மறைந்த ஹாஜி இம்தாதுல்லாஹ், மீலாத் சபைகளில் கலந்துகொண்டவர். அவரிடம் ஆன்மிக உறுதிமொழி பெற்ற சீடர், தேவ்பந்த் அறிஞர் றஷீத் அஹ்மத் கங்கோஹி. அவரோ அச்சபைகளை எதிர்த்துத் தீர்ப்பளித்தவர். குருவானவர், சச்சரவுக்குரிய ஏழு வினாக்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதி, இவற்றின் பொருட்டு முஸ்லிம்கள் பகை கொள்ளலாகாது என்று வேண்டினார். சீடர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும், குரு சீட உறவு இறுதிவரை அறுபடவில்லை.

இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலார் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர்; ஸுயூத்தியும் அஸ்கலானியும் அம்மத்ஹபினரே. ஆகவே, மௌலித் ஓதும் வழக்கம் இங்கு வேரூன்றியமை வியப்பன்று. தமிழ் இலக்கியமும் அவ்வன்பினால் வளம்பெற்றது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் நபிபெருமானாரின் பிறப்பைக் கூறும் விலாதத்துக் காண்டத்தோடு தொடங்குகின்றது. அதே வேளையில், அரபு மொழியில் ஓதப்படுவதன் பொருள் அறியாது ஓசையை மட்டும் கேட்டுச் செல்வதால் பயனென்ன என்று மறுசாரார் எழுப்பும் வினாவையும் புறக்கணித்தல் கூடாது. ஓதியதன் பொருளைத் தமிழில் எடுத்துரைத்து, நபிபெருமானாரின் நேர்மை, இரக்கம், அண்டை அயலாரைப் பேணிய பண்பு ஆகியவற்றைச் சிறுவருக்குக் கற்பிக்கும் சபையாக அது அமையுமாயின், அவ்வினாவின் கூர்மை பெரிதும் மழுங்கிவிடும்.

முடிவாக, மீலாத் விழா தொழுகையைப் போன்றோ நோன்பைப் போன்றோ கடமையன்று. எடுப்போர் அதனைக் கடமையெனக் கொள்ளலாகாது; எடாதவரை நேசமற்றவர் எனப் பழித்தலும் தகாது. தீமை கலவாது எடுக்கப்படுமாயின், அதனை ஆகும் என்று கூறிய அறிஞர்களின் கல்வியும் இறையச்சமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. ஆதலின், விலகி நிற்போர் தம் கருத்தில் உறுதியாக நிற்கலாமேயன்றி, எடுப்போரை வழிகெட்டோர் என ஒதுக்குவதற்கு நியாயமில்லை. உறவைத் துண்டிப்பதை நபிபெருமானார் வன்மையாகத் தடுத்துள்ளார்கள் என்பதில் இரு சாராருக்கும் ஐயமில்லை. ஆகவே, அண்ணன் தன் வீட்டில் மௌலித் ஓதட்டும். தம்பி திங்கட்கிழமை நோன்பு நோற்று அந்நாளைப் போற்றட்டும். நோன்பு துறக்கும் வேளையில் இருவரும் ஒரு பாயில் அமரட்டும்.