பிடிமாடும் முகமது அலியும்



பெரியகுளத்தில் மே மாதம் பிறந்தால் கூடைப்பந்துதான். வெளியூர் அணிகள் வந்து இறங்கும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் முடிந்த பிறகும் கேலரியை விட்டு எழாத ஒரு கூட்டம் உண்டு. அங்கே எனக்கும் என் சித்தப்பாவுக்கும் வருஷக்கணக்காக ஒரு வழக்கு நடக்கிறது. கூடைப்பந்தைப் பற்றி இல்லை. ஹெவிவெயிட் சாம்பியன் முகமது அலி ஜெயித்ததில் எது பெரிய ஜெயம் என்ற வழக்கு.

வழக்காட சித்தப்பாவுக்கு உரிமை இருக்கிறது. அலியை நேரில் பார்த்தவர் அவர். 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அலியின் கணக்கில் 56 வெற்றிகள், 5 தோல்விகள். சென்னையில் நடந்தது அதில் எதிலும் சேராது. ஆனால் இதே எல்லிஸை 1971-இல் ஹூஸ்டனில் 12-வது ரவுண்டில் நிஜமாகவே மடக்கியிருக்கிறார் அலி. அதையும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. முந்தின வருஷமே ஜோ ஃபிரேசியர் எல்லிஸை அடித்து, ஐந்தாவது ரவுண்டுக்கு எழுந்து வராதபடி செய்துவிட்டார். அடிபட்டு வந்தவரை ஜெயித்தால் மதிப்பு குறைவுதானே?

இது நம் பள்ளத்தாக்குக்குப் புதிய கணக்கே இல்லை. அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும். கூட்டத்தைக் கண்டு மிரண்டு ஓடுகிற மாட்டின் திமிலில் தொற்றினாலும், பல வாடி பார்த்து, நின்று விளையாடுகிற மாட்டை அணைந்தாலும், மைக்கில் சொல்வது ஒரே சொல்தான்: பிடிமாடு. பரிசும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஊருக்குத் திரும்பும்போது வண்டியில் பேசுகிற பேச்சு வேறு. மாடு எப்படிப்பட்டது, அன்றைக்கு எப்படி இருந்தது என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியை அலியிடம் கொண்டு போவோம். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்தார். அலி இவ்வளவு அழகாக ஆடியதே இல்லை என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். படத்தைப் பார்த்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் வில்லியம்ஸ் அதற்கு இரண்டு வருஷம் முன்பு போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு பட்டு, ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். அழகு அலியுடையது. எதிரே நின்றது பழைய வில்லியம்ஸ் இல்லை.

அடுத்து மணிலா. இங்கேதான் எனக்குக் கேலரியில் திட்டு விழும். 1975 அக்டோபர் 1. வேகிற வெக்கையில் 14 ரவுண்டு. கண் வீங்கி மூடிப்போன ஃபிரேசியரை, பயிற்சியாளர் எடி ஃபட்ச் 15-வது ரவுண்டுக்கு விடவில்லை. அலியும் விழுகிற நிலையில்தான் இருந்தார். குத்துச்சண்டையில் இதைவிடப் பெரிய ஆட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் பெரிய ஆட்டம் வேறு, பெரிய வெற்றி வேறு. 1971-இல் 15 ரவுண்டு நின்று அலியைத் தோற்கடித்த ஃபிரேசியர் இல்லை அவர். இடையில் 1973-இல் ஜார்ஜ் ஃபோர்மன் அவரை இரண்டே ரவுண்டுக்குள் ஆறு முறை தரையில் தள்ளியிருந்தார். அலியும் 1974 தொடக்கத்தில் ஒருமுறை ஜெயித்திருந்தார். தேய்ந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தேய்த்த ராத்திரி என்றுதான் மணிலாவைச் சொல்வேன்.

ராத்திரி என்றது தவறு, நேயர்களே. அமெரிக்காவில் ராத்திரி பார்க்க வேண்டும் என்பதற்காக மணிலாவில் காலையிலேயே நடத்தினார்கள்.

அப்படியென்றால் எது? 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. அங்கே விடியற்காலை நான்கு மணி. நமக்குக் காலை எட்டரை. ஃபோர்மனுக்கு வயது 25. நாற்பது சண்டை, நாற்பதும் ஜெயம், அதில் 37 நாக் அவுட். அலிக்கு 32. அதுவரை அலியைத் தோற்கடித்தவர்கள் இரண்டே பேர்: ஃபிரேசியர், பிறகு அலியின் தாடையை உடைத்த கென் நார்ட்டன். அந்த இருவரையும் ஆளுக்கு இரண்டு ரவுண்டில் முடித்தவர் ஃபோர்மன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அலிக்கு வழியே இல்லை. அலி கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தை மூடி, அடிக்கவிட்டார். வயிற்றிலும் விலாவிலும் வாங்கினார். ஃபோர்மனின் கை கனக்கத் தொடங்கியது. எட்டாவது ரவுண்டில் எல்லாம் முடிந்தது.

கயிறு தளர்வாக இருந்தது, வெக்கை, ஃபோர்மனுக்குப் புருவத்தில் பட்ட வெட்டால் போட்டியே ஒரு மாதம் தள்ளிப்போனது என்றெல்லாம் கழிக்கப் பார்ப்பார்கள். கயிறும் வெக்கையும் இருவருக்கும் ஒன்றுதான். வெட்டு ஆறிவிட்டது. அன்று வந்தது நின்று விளையாடுகிற மாடு. அதே ஃபோர்மன் இருபது வருஷம் கழித்து, 45 வயதில், மறுபடி பட்டம் வாங்கினார்.

இரண்டாமிடம் 1964-இல் மயாமியில் சானி லிஸ்டன். ஃபிளாய்டு பேட்டர்சனை இரண்டு முறை முதல் ரவுண்டிலேயே முடித்தவர் லிஸ்டன். 22 வயதுப் பையன் ஆடிய ஆட்டத்தில், ஏழாவது ரவுண்டுக்கு அவர் முக்காலியை விட்டு எழவில்லை. தோளில் காயம் என்றார்கள். அதற்குக் கொஞ்சம் கழிக்கலாம். மறு வருஷம் முதல் ரவுண்டிலேயே லிஸ்டன் விழுந்த சண்டையை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அந்தக் குத்து பட்டதா என்று இன்னும் பேச்சு ஓயவில்லை.

போன மே மாதமும் இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே நிலக்கடலையை உடைத்தார்.

"தம்பி, நீ சொல்றதுல ஒண்ணையாச்சும் நேர்ல பாத்தியா?"

"இல்ல சித்தப்பா."

"நான் ராத்திரி பூராவும் பஸ்ல நின்னுக்கிட்டே மெட்ராஸ் போனேன். அன்னிக்கு எல்லிஸை அலி ஜெயிச்சாரு. எனக்கு அதுதான் பெருசு."

"அது காட்சிப் போட்டி சித்தப்பா. யாரு ஜெயிச்சாங்கன்னு அதுல தீர்ப்பே கிடையாது."

"உனக்குக் கிடையாது" என்று தொலியை ஊதிவிட்டு எழுந்து போனார்.