மேல் வகுப்புக்குப் பணம் கட்டலாமா?

(சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, மெயின்டனன்ஸ், தெருநாய் இந்த மூன்றையும் தவிர எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் நம் லிஃப்டில் அடிக்கடி காதில் விழும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்புகிறீர்கள். டிக்கெட் எப்போதோ போட்டாயிற்று, எகானமிதான். பத்து நாள் இருக்கும்போது விமான நிறுவனத்திலிருந்து ஒரு மெயில் வருகிறது. இன்னும் இவ்வளவு கட்டினால் மேல் வகுப்பு, படுத்துக்கொண்டே போகலாம் என்று. கட்டலாமா, வேண்டாமா?

"அதெல்லாம் பணக்காரர்கள் சமாச்சாரம்" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. "வயதான காலத்தில் எதற்குக் கணக்கு" என்று உடனே கார்டை எடுக்கிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே கணக்குப் போடவில்லை என்பதுதான் என் குறை. நாம் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

முதலில் பெயர். ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று மெயிலில் இருந்தால் மயங்கிவிடாதீர்கள். சென்னையிலிருந்து கிளம்பும் பெரும்பாலான விமானங்களில் முதல் வகுப்பே கிடையாது, பிசினஸ்தான் உச்சம். ஆனால் அமெரிக்காவுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறக்கும் சின்ன விமானங்களில் முன்னால் இருக்கும் நாலைந்து வரிசைக்கு ஃபர்ஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது கட்டில் இல்லை. பக்கத்துக்கு இரண்டாக அகலமான நாற்காலி, கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். நியூயார்க்கில் இறங்கி இரண்டு மணி நேரம் பறக்கும் கடைசித் துண்டுக்கு இதை வாங்கிவிட்டு, பதினாலு மணி நேரத் துண்டில் எகானமியில் முழங்காலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேடிக்கை. மெயிலில் எந்தத் துண்டுக்கு என்பதைப் பாருங்கள். கட்டணம் ஒரு ஆளுக்கு, ஒரு துண்டுக்கு. தம்பதியாகப் போய் வர, வழியில் ஒரு இடத்தில் மாறினால், மொத்தம் எட்டு டிக்கெட் கணக்கு.

பெயரைப் போலவே கட்டிலும் எல்லா விமானத்திலும் ஒன்று இல்லை. சிலவற்றில் ஒவ்வொரு சீட்டுக்கும் நேராக நடைபாதை உண்டு. 2-3-2 என்று அடுக்கிய பிசினஸ் வகுப்பும் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் நடுவில் மாட்டினால், இரவில் பாத்ரூம் போக தூங்குகிறவரின் காலைத் தாண்டிக் குதிக்க வேண்டும். நம் வயதில் இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். சீட் வரைபடத்தை மகனை விட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

இப்போது நேரம். சென்னையிலிருந்து துபாய்க்கோ தோஹாவுக்கோ ஏறக்குறைய நாலு மணி நேரம். அங்கிருந்து அமெரிக்காவுக்கு, ஊரைப் பொறுத்து, பதினாலிலிருந்து பதினாறு. கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். சின்னத் துண்டுக்கு 24,000 ரூபாய், பெரிய துண்டுக்கு 84,000 ரூபாய் கேட்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் இரண்டுமே மணிக்கு 6,000 ரூபாய். ஆனால் நாலு மணி நேரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் சீட்டை நிமிர்த்தி வைக்கச் சொல்வார்கள், நடுவில் சாப்பாடு. படுக்கக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதாவது படுக்கும் மணிக்கு 16,000. பதினாலு மணி நேரத்தில் எட்டு மணி நேரம் தாராளமாகப் படுக்கலாம், அது மணிக்கு 10,500 ஆகிறது. தொகை சிறியதாக இருக்கிறதே என்று சின்னத் துண்டை வாங்குகிறவர்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள்.

மணிக்கு 10,500 என்பதும் குறைந்த தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெள்ளித் தட்டில் சாப்பாடு, பெரிய திரை இவற்றையெல்லாம் நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சட்டமாகப் படுக்க முடிகிறதா, காலை நீட்ட முடிகிறதா, இறங்கிய மறுநாள் பேரப்பிள்ளையோடு உட்கார முடிகிறதா, அல்லது மூன்று நாள் படுக்கையில் கிடக்க வேண்டியிருக்குமா? இடுப்புத் தேய்மானம் உள்ளவருக்கு, முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு, கால் வீங்குகிறவருக்கு அந்தப் பணம் நியாயம். பஸ்ஸில் உட்கார்ந்தாலே தூங்கிவிடுகிற அதிர்ஷ்டசாலிகளுக்கு அது தண்டம்.

ஒரு பயத்தை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன். எகானமியில் போனால் காலில் ரத்தம் கட்டிவிடும், அதற்கு எகானமி கிளாஸ் சிண்ட்ரோம் என்றே பெயர் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்கட்டு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆனால் ஆரோக்கியமானவர்களுக்கு அது சுமார் 6,000 பேரில் ஒருவர்தான். முக்கியமாக, கார், பஸ், ரயில் எதில் அசையாமல் உட்கார்ந்தாலும் இதே கதை. வகுப்பை விட அசைவுதான் காரணம். 2012-ல் அமெரிக்க மார்பு நோய் மருத்துவர்களின் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலும் எகானமியைக் குற்றம் சாட்டவில்லை, ஜன்னல் சீட்டைத்தான் சொன்னது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுந்து நடப்பது குறைகிறது இல்லையா! ஆகவே பயத்துக்காக லட்ச ரூபாய் கட்ட வேண்டாம். நடைபாதை ஓரச் சீட்டு வாங்குங்கள், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள், சமீபத்தில் அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பாருங்கள். அவர் சொல்வது மேல் வகுப்பை விட முக்கியம்.

மூச்சுக்கும் அதே பதில்தான். முன்னால் உட்கார்ந்தாலும் பின்னால் உட்கார்ந்தாலும் காற்று ஒன்றுதான், காற்றழுத்தமும் ஒன்றுதான். பறக்கும்போது உள்ளே ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்ற நிலைமை. நம் ஊட்டியே 7,000 அடிக்கு மேல். ஏ350, 787 போன்ற புது விமானங்கள் 6,000 அடிப் பக்கம் வைத்திருக்கின்றன. அதனால் நுரையீரல், இதயத் தொல்லை உள்ளவர் வகுப்பை விட எந்த விமானம் என்று கேட்பது பிரயோஜனம்.

இனி, எனக்கு நிஜமாகவே முக்கியமாகப் படுவது. பணம் ஒருவருக்குத்தான் இருக்கிறது, யாருக்குக் கட்டுவது? பெரும்பாலும் என்ன நடக்கிறது? "அவருக்கு முதுகு வலி, அவர் முன்னால் போகட்டும்" என்று அம்மா பின்னால் உட்கார்ந்துவிடுவார். பல விமானங்களில் பின் வகுப்பிலிருந்து முன் வகுப்புக்குப் போய் வர விடமாட்டார்கள். மாத்திரை எந்தப் பையில், எந்த நேரத்துக்கு எது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். படிவம் நிரப்பத் தெரிந்தது அப்பாவுக்குத்தான். இன்சுலின் போட்டுக்கொள்கிறவரை, ஞாபக மறதி தொடங்கியவரை, காது மந்தமானவரைத் தனியாக முன்னால் அனுப்பாதீர்கள். கட்டிலை விடப் பக்கத்தில் ஆள் இருப்பது அவருக்குப் பெரிது. அப்படிப்பட்ட வீடுகளில் ஒருவருக்கு பிசினஸ் வாங்கும் தொகையில் இருவருக்கும் பிரீமியம் எகானமி கிடைக்குமா என்று பாருங்கள். எகானமியில் வரிசைக்கு வரிசை 31, 32 அங்குலம் என்றால் அதில் சுமார் 38 அங்குலம். கட்டில் இல்லை, ஆனால் முழங்கால் முன் சீட்டில் இடிக்காது. அந்த வகுப்பு எல்லா நிறுவனத்திலும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெயிலில் வருவது இரண்டு வகை. ஒன்று, நிலையான விலை. இன்னொன்று ஏலம். நீங்களே ஒரு தொகை சொல்ல வேண்டும், அவர்கள் ஏற்றால் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். திரையில் ஒரு முள் பச்சைப் பக்கம் சாய்ந்து ஆசை காட்டும், அதை நம்பி ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஏலத்தில் கேட்டது கிடைத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது. முன்பே காசு கொடுத்துத் தேர்ந்தெடுத்த எகானமி சீட்டின் பணமும் பெரும்பாலும் போனதுதான். பல நிறுவனங்களில் பெட்டி எடை பழைய டிக்கெட்டின்படியே இருக்கும். லவுஞ்சு உண்டா என்பதையும் விதியில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, சைவச் சாப்பாடு. வகுப்பு மாறும்போது நாம் கேட்டு வைத்த விசேஷச் சாப்பாடு விட்டுப்போவது உண்டு. மாறியதும் மறுபடி போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அத்தனை ஆயிரம் கட்டிவிட்டு பழத்தட்டும் பன்னும்தான்.

புதிதாக டிக்கெட் போடுகிறவர்கள் வரியையும் கவனியுங்கள். இந்தியாவிலிருந்து எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மேல் வகுப்புகளுக்கு 12 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18.

கட்டிலுக்குப் பணம் கட்டும் முன் வேறு ஒரு கட்டிலை யோசியுங்கள் என்பேன். துபாய், தோஹா, சிங்கப்பூர் விமான நிலையங்களுக்கு உள்ளேயே ஓட்டல்கள் இருக்கின்றன, குடியேற்றச் சோதனையைத் தாண்ட வேண்டியதில்லை. மாறும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி வருகிற மாதிரி டிக்கெட் போட்டு, ஒரு அறை எடுத்துக் குளித்துத் தூங்கி எழுந்தால் இரண்டாவது துண்டு புதுப் பயணம் மாதிரி இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே அறை வாடகை. பெட்டி நேராக ஊருக்குப் போய்விடும் என்பதால் மருந்தும் ஒரு மாற்று உடையும் கைப்பையில் வேண்டும். வீல்சேர் தேவைப்படுகிறவர்கள் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அது வகுப்பு பார்த்து வருவதில்லை. சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசையில் கால் நீட்டலாமே என்று கேட்பீர்கள். நீட்டலாம். குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் அங்கேதான். உங்கள் தூக்கம் உங்கள் பொறுப்பு.

கடைசியாகப் பிள்ளைகளின் காசு. "நான் கட்டுகிறேன், அப்பா" என்று மகளோ மகனோ சொல்வார்கள். நாம் உடனே "வேண்டாம், வீண் செலவு" என்போம். அந்த வீட்டுக் கடனும் குழந்தைகள் காப்பகக் கட்டணமும் நமக்குத் தெரியும், அதனால் சொல்கிறோம். தப்பில்லை. ஆனால் முதுகு வலியை மறைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். போய் இறங்கிய பிறகு அவர்கள் லீவு போட்டு நம்மை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு அலைந்தால் அந்த ஊர் மருத்துவச் செலவுக்கு முன்னால் இந்த டிக்கெட் ஒன்றுமே இல்லை. இரண்டு வழிக்கும் வேண்டாம் என்றால் ஒரு வழிக்கு, பெரிய துண்டுக்கு மட்டும், இரவுப் பயணமாக இருந்தால் வாங்கச் சொல்லுங்கள். உடம்பு நன்றாக இருந்தால், நிஜமாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் காசில் இன்னொரு தடவை அவர்களை இங்கே வரச் சொல்லுங்கள்.

நான் பேச வந்தது இவ்வளவுதான். யாராவது மெயிலைக் கையோடு கொண்டு வந்திருந்தால் கொடுங்கள், டீ ஆறுவதற்குள் எந்தத் துண்டு என்று பார்த்துவிடலாம்.