தலைவர் பெரியவரா, சபை பெரியதா?

(மாதுங்காவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு எடுத்த முடிவைச் சங்கத் தலைவர் ரத்து செய்யலாமா? இதைப் பற்றித்தான் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்வதானால், கூடாது. அத்தோடு உட்கார்ந்துவிட்டால் காபி இன்னும் தயாராகியிருக்காது. ஆகவே காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

செம்பூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சங்கம், பெயர் வேண்டாம். உறுப்பினர் வீட்டு சீமந்தம், உபநயனம் போன்றவற்றுக்கு ஹால் வாடகையைப் பாதியாக்க வேண்டும் என்று ஜெனரல் பாடியில் தீர்மானம் நிறைவேறியது. சில வாரங்கள் கழித்து நோட்டீஸ் போர்டில் ஒரு தாள்: 'நிதி நிலைமையை உத்தேசித்துத் தீர்மானம் அமல் செய்யப்படவில்லை. இப்படிக்கு, தலைவர்.' அந்தத் தலைவர் நல்ல மனிதர், கைக்காசு போட்டுச் சங்கத்தை வளர்த்தவர். அவர் போட்ட கணக்கும் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வருஷக் கூட்டத்துக்குக் கோரம் சேரவில்லை. "நாம போய்க் கையைத் தூக்கி என்ன ஆகப் போறது?" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வாடகை நஷ்டத்தைவிட இது பெரிய நஷ்டமில்லையா?

இனி சட்டத்துக்கு வருவோம். மும்பையில் நம் சங்கங்கள் பலவும் 1860-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்திலும், 1950-ஆம் வருஷத்துப் பொது அறக்கட்டளைச் சட்டத்திலும் பதிவானவை. இந்த இரண்டிலும் தலைவருக்கென்று தனியாக 'வீட்டோ' எதுவும் கிடையாது. அவருக்குள்ள அதிகாரம் பைலா கொடுத்தது. அந்த பைலா உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டது. நாம் குடியிருக்கும் ஹவுசிங் சொசைட்டிகளில் விஷயம் இன்னும் தெளிவு. 1960-ஆம் வருஷ மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, சொசைட்டியின் இறுதி அதிகாரம் பொதுக்குழுவிடமே இருக்கிறது என்கிறது.

கூட்டத்தின் நடுவிலேயே தலைவர் "முடிந்தது" என்று சொல்லி எழுந்து போய்விட்டால்? 1894-லேயே இங்கிலாந்தில் இதற்கு ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. தலைவர் தன் இஷ்டத்துக்குக் கூட்டத்தைக் கலைக்க முடியாது, மீதி இருப்பவர்கள் வேறொருவரைத் தலைவராக வைத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம் என்றது அந்தக் கோர்ட்.

காஸ்டிங் வோட் என்பது வேறு விஷயம். 2004-இல் கிரிக்கெட் போர்டு தலைவர் தேர்தலில் நம் மும்பை சங்கத்தின் சரத் பவாரும் ரண்பீர் சிங் மகேந்திராவும் சமமாக நின்றபோது, கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஜக்மோகன் டால்மியாவின் ஓட்டு மகேந்திராவை ஜெயிக்க வைத்தது. நியாயமா என்று அன்றைக்கு ஏகப்பட்ட சர்ச்சை. அடுத்த வருஷமே பவார் 20-க்கு 11 என்று ஜெயித்தார். அந்தக் காஸ்டிங் வோட்டும் விதியில் இருந்தால்தான் உண்டு. சரிசமம் வந்தால்தான் உண்டு. பெரும்பான்மை தெளிவாக இருக்கும்போது அதற்கு வேலையில்லை.

நான் படித்தது கெமிஸ்ட்ரி. லேபில் தராசு முள் எந்தத் தட்டு கனம் என்று காட்டும். தானே ஒரு தட்டில் போய் உட்காராது.

அப்படியானால் தலைவர் கைகட்டி நிற்க வேண்டியதுதானா? இல்லை. தீர்மானம் பைலாவுக்கு விரோதமானால், ஓட்டுக்கு விடுமுன்பே 'இது ஒழுங்கில் இல்லை' என்று தடுக்கலாம். வாடகை நிர்ணயம் கமிட்டியின் பொறுப்பு என்று பைலாவே சொல்லியிருந்தால், அதை எடுத்துக் காட்டலாம். அப்போதும் முடிவு கமிட்டியுடையது, தலைவர் ஒருவருடையது அல்ல. சட்ட விரோதமான தீர்மானம் நிறைவேறியே விட்டால், ஆட்சேபத்தை மினிட்ஸில் பதிவு செய்துவிட்டு வொர்லியிலுள்ள சாரிட்டி கமிஷனரிடமோ கோர்ட்டுக்கோ போகலாம். தானே வாதி, தானே ஜட்ஜ் என்று இருக்க முடியாது.

தீர்மானம் சட்டப்படி சரி, ஆனால் புத்திசாலித்தனமில்லை என்று தலைவருக்குத் தோன்றினால்? இதற்கு நாட்டிலேயே வழி இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 111-ஆவது ஷரத்துப்படி, பண மசோதா தவிர மற்ற மசோதாக்களை ஜனாதிபதி மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். பார்லிமெண்ட் மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்க முடியாது. 2006 மே மாதத்தில், ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவை நம் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் அப்படித்தான் திருப்பி அனுப்பினார். பார்லிமெண்ட் அதை மீண்டும் நிறைவேற்றியது; ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டார். மனதில் பட்டதைச் சொன்னார், சபையின் முடிவுக்கும் கட்டுப்பட்டார். அதனால் அவர் மதிப்பு குறைந்ததா?

நமக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. உத்தரமேரூர் சதுர்வேதிமங்கலத்து சபை, பராந்தக சோழன் காலத்தில் 919-இலும் 921-இலும் வாரியத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது. குடவோலையில் தேர்ந்தவருக்கு 360 நாள் பொறுப்பு; கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. முதலில் வகுத்த விதிகளை இரண்டு வருஷத்தில் திருத்தியதும், அரசனின் அதிகாரி உடனிருக்க, கூடிய சபைதான்.

ஆகவே எல்லா ஊர்க் கிளைகளுக்கும் என் யோசனை இது. பைலாவில் முறைப்படி ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுக்குழுத் தீர்மானத்தைத் தலைவர் 30 நாட்களுக்குள், காரணத்தை எழுத்தில் கொடுத்து, ஒரே ஒரு தடவை மறுபரிசீலனைக்குக் கொண்டுவரலாம். இரண்டாவது ஓட்டே இறுதி. தலைவரின் அனுபவமும் வீணாகாது, உறுப்பினரின் ஓட்டும் வீணாகாது. அதுவரை, எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று மினிட்ஸில் எண்ணோடு எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாதித் தகராறு அதிலேயே அடங்கிவிடும்.